நாய்க்குக் காது நாறினால்: எண்ணெயா, வினிகரா, சலைனா, டாக்டரா?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு லாப்ரடாருக்குப் பெயர் ஜாக்கி. தென்பெண்ணையில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அவனைக் கரையோடு நிறுத்தி வைப்பது நடக்காத காரியம். குதித்து, நீந்தி, சேற்றில் புரண்டு வீடு வந்து சேர்ந்தால், மூன்றாம் நாள் தலையை உதற ஆரம்பிப்பான். காது மடல் இரண்டும் கன்னத்தில் பட் பட்டென்று அடிக்கும் சத்தம் ராத்திரியில் பக்கத்து அறை வரை கேட்கும். மடலைத் தூக்கினால் இரண்டு நாள் வெளியே இருந்த தோசை மாவு வாசம்.

மாந்தோப்பில் காவலுக்கு இருக்கும் மணி நாட்டு நாய். நிமிர்ந்த காது, காற்று நன்றாகப் போய் வரும். எட்டு வயது வரை அவன் காதுக்கென்று ஒரு ரூபாய் செலவு செய்ததில்லை. செய்ய வேண்டி வந்தபோது எல்லாம் சேர்த்து ஒரேயடியாக வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இரண்டு நாய்களால் காது வைத்தியம் என்று ஊரில் சொல்லப்படும் எல்லாமே என் காதுக்கும் வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய், மஞ்சள், கற்றாழை, ஆப்பிள் சைடர் வினிகர், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து என்று பட்டியல் நீளம். சிலதைச் செய்து கெட்டேன், சிலதைச் செய்து பிழைத்தேன். "இயற்கை வைத்தியமா, இங்கிலீஷ் மருந்தா?" என்று பிரித்துப் பார்த்த வரைக்கும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காது நன்றாக இருக்கும்போது செய்வது எது, காது புண்ணான பிறகு செய்வது எது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் எதை அலமாரியில் வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று விளங்கியது.

அதற்கு முதலில் நாயின் காது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். நம் காதுக்குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகும். நாய்க்கு முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலைக்குள் பக்கவாட்டில் திரும்பும். பிளம்பர் மாட்டும் எல்போ பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் செவிப்பறை. மடலைத் தூக்கிப் பார்க்கும் நமக்குத் தெரிவது பைப்பின் வாய் மட்டும். உள்ளே போகும் ஈரம் சுலபத்தில் வெளியே வராது. ஊற்றும் எண்ணெயும் அப்படித்தான். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு வெளியே வருவதைவிட உள்ளே போய் அடைவதுதான் அதிகம்.

நாள்பட்ட சீழில் செவிப்பறை கிழிந்துவிடுவதும் உண்டு. கிழிந்திருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கிழிந்த காதில் நாம் ஊற்றுவது நேராக நடுக்காதுக்குப் போகும். மனிதருக்குப் பத்திரமான மருந்துகளில் சிலவும், ஏன் நாய்க்கென்றே விற்கும் சிலவும்கூட, அங்கே போய்ச் சேர்ந்தால் செவிட்டையும் தலைச்சுற்றலையும் கொண்டுவரும். எல்லா வைத்தியத்தையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

எண்ணெய்கள்

நம் பக்கம் முதலில் வருவது எண்ணெய்தான். "ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் விடு தம்பி, உள்ள இருக்கிற பூச்சி செத்துரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் முழுப் பொய் இல்லை. வேப்பெண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணமும், பூஞ்சையை ஓரளவு அடக்கும் குணமும் உண்டு. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலமும் சோதனைக்கூடத் தட்டில் சில கிருமிகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் சோதனைக்கூடத் தட்டில் எல்போ பைப் இல்லை. சீழும் மெழுகும் கலந்து கிடக்கும் காதில் எண்ணெய் விட்டால், அது அழுக்கோடு சேர்ந்து களியாகி, ஈரத்தையும் வெளியே விடாமல் மூடிக்கொள்ளும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. ஜாக்கிக்கு இரண்டு வயது இருக்கும்போது, எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் காது வலித்தால் செய்யும் கைப்பக்குவத்தையே செய்தேன். நல்லெண்ணெயில் நாலு பல் பூண்டைப் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, காலை மாலை மும்மூன்று சொட்டு. முதல் இரண்டு நாள் நாற்றம் போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை. பூண்டு வாசத்தில் மற்ற வாசம் எதுவும் தெரியவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நாலாம் நாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நின்றான். தட்டில் சோறு வைத்தால் வாயைத் திறக்கவே யோசித்தான். டாக்டர் கால் மணி நேரம் அந்தப் பழுப்புக் களியைக் கழுவி எடுத்தார். "எண்ணெய எடுக்கவே பாதி நேரம் போச்சு. உள்ள என்ன இருக்குன்னு இப்பதான் பாக்கவே முடியுது" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

பூண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. காதிலிருந்து வழிவது காலுக்கு வரும், கால் வாய்க்குப் போகும். இரண்டு சொட்டில் உயிர் போய்விடாது என்றாலும், பலனே இல்லாத ஒன்றுக்கு அந்த வம்பு எதற்கு?

மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவுவது மடலின் வெளிப்பக்கச் சிராய்ப்புக்குச் சரி. குழாய்க்குள் போனால் தூள் அடியில் தங்கி அதுவே குப்பையாகிவிடும். கற்றாழையும் மடலோடு நிற்க வேண்டியதுதான். அதிலும் தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, தெளிந்த சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பாலை நக்கினால் நாய்க்கு வயிறு கலக்கும்.

ஆன்லைனில் இப்போது டீ ட்ரீ ஆயில் என்று ஒன்றை இயற்கை என்ற பெயரில் விற்கிறார்கள். அதை நாய்க்குத் தொடவே வேண்டாம். கலக்காத எண்ணெய் சில சொட்டுகள் தோலில் பட்டாலே நாய்க்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். கற்பூரம் கரைத்த எண்ணெயும் அதே வகை. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எண்ணெய்க்கு இடமே இல்லையா? இருக்கிறது. மடலின் ஓரம் காய்ந்து வெடித்தாலோ, ஈ கடித்து நுனி பொரிந்து நின்றாலோ, தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து வெளியே மட்டும் தடவுகிறேன். மணிக்குக் கோடையில் இது வாரத்தில் இரண்டு நாள் நடக்கும். வேப்பெண்ணெயைத் தனியாகத் தடவினால் சில நாய்களுக்கு எரியும், அதனால்தான் கலப்பது. அதன் நாற்றம் ஈக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

வினிகர்

எண்ணெயைவிட வினிகரில் விஷயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாய்க் காதில் நாற்றம் கிளப்பும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கும் (ஒரு வகைப் பூஞ்சை), சூடோமோனாஸ் என்ற பிடிவாதக் கிருமிக்கும் புளிப்பு ஆகாது. கால்நடை மருத்துவர்களே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் காது கழுவப் பயன்படுத்துவது உண்டு. கடையில் விற்கும் வினிகரில் அது ஏறக்குறைய 5 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 2.5 சதவீதம் ஆகும். ஆப்பிள் சைடர் வினிகர்தான் வேண்டும் என்றில்லை. ஊறுகாய்க்கு வாங்கும் வெள்ளை வினிகரிலும் இருப்பது அதே அமிலம்தான். விலை மட்டும்தான் வேறு.

ஓசூரில் என் மச்சான் காக்கர் ஸ்பேனியல் வளர்க்கிறார். நீளமான காது, உள்ளே மயிர், ஓசூர்க் குளிர், எல்லாம் கூடிவந்த காது அது. வீடியோ பார்த்துவிட்டு வினிகரைக் கலக்காமல் ஊற்றிவிட்டார். உள்ளே சொறிந்து சொறிந்து ஏற்கெனவே தோல் உரிந்திருந்தது. அது கத்திய கத்தலுக்குத் தெருவே கூடியதாம். காது ஆறியும் ஆறு மாதம் வரை எந்த பாட்டிலைப் பார்த்தாலும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். காது வலி வந்த நாய் அடுத்த தடவை கையைக் கடிக்கவும் செய்யும். நம் செல்ல நாய்தானே என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

ஆகவே வினிகருக்கு என் கணக்கு இது. காது சிவக்கவில்லை, புண் இல்லை, வலி இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று ஒரு முறையாவது டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்றால், நீச்சலுக்குப் பிறகு பாதிக்குப் பாதி கலந்த வினிகரில் பஞ்சை நனைத்துக் காதின் வாயைத் துடைக்கலாம். வருவதற்கு முன் தடுக்கத்தான் அது. வந்த பிறகு அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு கழல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது ஆறிவரும் தோலையும் சேர்த்து எரிச்சலூட்டும், முடிந்ததும் ஈரத்தை விட்டுப் போகும். ஸ்பிரிட் எரியும். இரண்டும் வேண்டாம்.

சலைனும் இயர் க்ளீனரும்

பார்க்க ஒரு கெத்தும் இல்லாத வழி இதுதான். எனக்கு அதிகம் கைகொடுத்ததும் இதுதான். மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் 0.9 சதவீத உப்புத் தண்ணீர். கிருமியைக் கொல்லாது, பூஞ்சையை அடக்காது. எரிக்கவும் செய்யாது. மடலில் ஒட்டிய சீழையும் மெழுகையும் துடைக்க இது போதும். வீட்டிலேயே உப்புக் கரைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நம் மாவட்டங்களின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும், அளவும் ஒவ்வொரு தடவையும் மாறும். பாட்டில் வாங்குவது நிம்மதி. திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாய்க்கென்று விற்கும் இயர் க்ளீனர் ஒரு படி மேல். மெழுகை இளக்கும் பொருளும், காதை உலர்த்தும் லேசான அமிலமும் (லாக்டிக், சாலிசிலிக் போன்றவை) அதில் இருக்கும். யோசித்துப் பார்த்தால் வினிகர் செய்ய நினைப்பதைத்தான் இது அளவோடு செய்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரு பாட்டில் எனக்கு மாதக்கணக்கில் வருகிறது.

செய்முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். பாட்டிலைக் கையில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். சில்லென்று ஊற்றினால் நாய் துள்ளும். மடலை மேலே தூக்கிப் பிடித்தால் குழாய் நேராகும். பாட்டில் நுனி காதில் படாமல், வாய் நிறையும் வரை ஊற்ற வேண்டும். சொட்டு சொட்டாக விட்டால் திருப்பம் வரைக்கும் போகாது. பிறகு கன்னத்துக்குப் பின்னால், காதின் அடியில் குருத்தெலும்பு கையில் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் பிசைய வேண்டும். சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் சரியாகச் செய்கிறீர்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். அவன் உதறும் உதறலில் பாதி அழுக்கு சுவரில் இருக்கும். மிச்சத்தைப் பஞ்சாலோ காஸ் துணியாலோ, விரல் தானாகப் போகும் ஆழம் வரை துடைத்தால் போதும். இதை வீட்டு வாசலில் வைத்துச் செய்யுங்கள், ஹாலில் வேண்டாம். என் மனைவி சார்பில் சொல்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தொங்கு காது நாய்க்கு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, ஆற்றிலோ ஏரியிலோ இறங்கினால் அன்றைக்கே. நிமிர்ந்த காது நாட்டு நாய்க்கு மடலைத் தூக்கிப் பார்த்தால் போதும், அழுக்கு இல்லாத காதைக் கழுவ வேண்டியதில்லை. தினமும் கழுவினால் தோல் ஊறிப்போய் அதுவே நோய்க்கு வழி விடும். சுத்தம் சோறு போடும் என்பது சரிதான், ஆனால் நாய்க் காதுக்கு அளவுச் சோறுதான். குளிப்பாட்டும்போது காதின் வாயில் ஒரு பஞ்சு உருண்டை வைக்கலாம், முடிந்ததும் எடுக்க மறக்காமல் இருந்தால்.

மிச்சச் சொட்டு மருந்தும் மாட்டு மருந்தும்

போன வருடம் டாக்டர் கொடுத்ததில் கால் பாட்டில் மிச்சம் இருக்கும். அல்லது வீட்டில் யாருக்கோ வாங்கிய காதுச் சொட்டு இருக்கும். அதே நாற்றம், அதே காது, அதே மருந்து என்று கை போகும். இதில் பிரச்சினை என்னவென்றால், காதை நாறடிப்பது ஒன்றல்ல. பழுப்பாக, மெழுகாக, புளித்த வாசத்தோடு வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீராய் வழிந்து அழுகல் நாற்றம் அடித்தால் பாக்டீரியா. காபித் தூள் போலக் கருப்பாக உதிர்ந்தால், அதுவும் குட்டி நாய் என்றால், காதுக்குள் வாழும் மைட் என்ற நுண்ணிய பூச்சியாக இருக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் ஒட்டும். இதெல்லாம் அடையாளம்தான், உறுதி கிடையாது. இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். ஈஸ்டுக்குப் பாக்டீரியா மருந்தைப் போட்டால் ஈஸ்ட் இன்னும் செழிக்கும். பாதியில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் கிருமி மருந்துக்கே பழகிவிடும்.

விவசாய வீடுகளில் இன்னொரு ஆபத்து, மாட்டுக்கு வாங்கிய மருந்து. மாட்டின் மேல் உண்ணிக்கு அடிக்கும் திரவத்தை நாயின் காதில் தொட்டு விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சொட்டு விடுகிறவர்களும் உண்டு. மாட்டுக்கு இருக்கும் அளவு நாய்க்கு மிக அதிகம். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபிலேயே அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மூளையைத் தாக்கும். காது மைட்டுக்கும் உண்ணிக்கும் இப்போது பிடரியில் விடும் செலமெக்டின், வாயில் கொடுக்கும் ஃப்ளுரலானர் போன்றவை நாய்க்கென்றே எடை பார்த்துக் கிடைக்கின்றன. இதில் மட்டும் வேப்பெண்ணெய் பக்கம் என்னால் நிற்க முடியாது. மைட்டின் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரம். அத்தனை நாளும் முட்டை பொரியப் பொரிய எண்ணெய் விட்டுக்கொண்டிருக்க வேண்டும், வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து.

காதில் ஒட்டிய உண்ணி கண்ணுக்குத் தெரிந்தால், எண்ணெய் ஊற்றி அது சாகக் காத்திருக்க வேண்டாம். தோலை ஒட்டி ட்வீசரால் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். ஆழத்தில் இருந்தால் டாக்டர் எடுக்கட்டும்.

டாக்டரிடம் போனால் என்ன கிடைக்கும்

காசு கொடுத்து வாங்கி வருவது மருந்தை மட்டுமல்ல, உள்ளே பார்க்கும் கண்ணையும்தான். ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியை விட்டுச் செவிப்பறையைப் பார்க்க வேண்டும். பஞ்சில் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்டா, பாக்டீரியாவா, எந்த வடிவப் பாக்டீரியா என்று சில நிமிடத்தில் தெரியும். இரண்டும் எல்லா ஊரிலும் கிடைக்காது. கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் முக்கால்வாசி வேலை மாடும் ஆடும்தான். அங்கே நாய்க்கு நேரம் ஒதுக்கிப் பார்ப்பதே பெரிய உதவி, செலவும் அதிகமாகாது, காத்திருப்பதுதான் செலவு. முதல் தடவை வந்த சாதாரணக் காதுக்கு அங்கே போங்கள். மூன்றாம் தடவை, நாலாம் தடவை என்று திரும்பித் திரும்பி வரும் காதுக்குக் கருவிகள் இருக்கும் இடம் வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூரு போகிறார்கள், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். தருமபுரிக்காரர்களுக்குச் சேலமும், அதையும் தாண்டினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

எங்கே போனாலும் "உள்ள லைட் வச்சுப் பாத்தீங்களா சார், பறை நல்லா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரை நான் இதுவரை பார்க்கவில்லை. மருந்தைச் சொன்ன நாள் வரை போடுங்கள், மூன்று நாளில் நாற்றம் போனாலும் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் மறுபடி ஒருமுறை காட்டுங்கள். அந்த மறுபடியில்தான் நாம் எல்லோரும் சோம்பேறி.

உடனே போக வேண்டியவை எவை என்று கேட்டால்: தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பது, வட்டமடித்து நடப்பது, கண்மணி பக்கவாட்டில் துடிப்பது, முகம் ஒரு பக்கம் தொய்வது. இதெல்லாம் நோய் நடுக்காதுக்கோ அதற்கும் அப்பாலோ போய்விட்டது என்பதன் அடையாளம். உதறி உதறி மடல் தலையணை போல வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அதற்கும் வீட்டில் வைத்தியம் இல்லை. ஒரே காதில் மட்டும் திடீரென்று, வயலிலிருந்து வந்த அன்றே உதற ஆரம்பித்தால் ஊசிப்புல் போயிருக்கலாம். அறுத்த வயலிலும் மலையடிவாரப் புல்லிலும் ஓடும் நாய்களுக்கு இது சகஜம். ஊசியின் முள் பின்னோக்கி இருப்பதால் உள்ளே மட்டும்தான் நகரும். எண்ணெய் விட்டால் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும்.

மணியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். போன மாங்காய் சீசனில் தோப்பில் ஆள் நடமாட்டம் அதிகம், அவனை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துத் தோப்பு நாயோடு சண்டை போட்டதில் காதின் அடியில் சின்னக் கடி. ஜூன் மாத ஈ. நாலே நாளில் புழு வைத்துவிட்டது. தோப்பில் வேலை செய்யும் பெரியவர் சீத்தா இலையை அரைத்து வைக்கலாம் என்றார். மாட்டுப் புண்ணில் புழுவுக்குச் சீத்தா இலை வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், மலையோரம் எங்கும் கிடைக்கும் மரம். புழு செத்து உதிர்வதை நானே மாட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் மாட்டின் தொடை வேறு, நாயின் காதுக்குழாய் வேறு. சீத்தாவின் சாறு கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும், காதுக்கும் கண்ணுக்கும் நாலு விரல்தான் தூரம். செத்த புழு குழாய்க்குள்ளேயே அழுகினால் அது இன்னொரு நோய். புழுவுக்கு ஊற்றும் டர்பன்டைன் எண்ணெயும் அதே கதைதான். டாக்டரிடம் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட்டு, புழுக்களை ஒன்று விடாமல் எடுக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டு வருடம் மிச்சம் பிடித்த காசு அன்றைக்கே போனது. வாரம் ஒருமுறை அவன் காதைத் தூக்கிப் பார்த்திருந்தால் கடியிலேயே முடிந்திருக்கும்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஜாக்கிக்கு நீச்சல் மட்டும்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீரே இல்லாத மார்ச்சிலும் வந்தது. பாதத்தை ஓயாமல் நக்குவான், வயிறு சிவந்திருக்கும், இரண்டு காதும் ஒன்றாகக் கெடும். காதும் தோல்தான், உடம்புத் தோலில் ஒவ்வாமை இருந்தால் காதுக்குள்ளும் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அடிக்கடி காது கெடும் நாய்களில் ஒவ்வாமைதான் முக்கியமான காரணங்களில் ஒன்று. தூசு, மகரந்தம், வீட்டு மைட் என்று சுற்றுப்புறத்தால் வரலாம், சாப்பாட்டாலும் வரலாம். சாப்பாட்டில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி மாட்டும் பேர்கள்.

நம் பக்கம் நாய்க்கு வைப்பது கறிக்கடைக் கோழிக்கழிவும் சோறும், இல்லையென்றால் களியும் மோரும். கோழியையும் பாலையும் நிறுத்திவிட்டு, அவன் இதுவரை தின்னாத வேறு ஒரு கறியும் வேறு ஒரு மாவுச்சத்தும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பிஸ்கட், எலும்பு எதுவும் கூடாது. எங்கள் வீட்டில் அது ஐந்தாம் வாரத்தில் மாமியார் ஊட்டிய பால் பிஸ்கட்டால் கெட்டது. மறுபடி தொடங்கினோம். கோழியை நிறுத்தியதில் அவனுக்குக் காது கெடுவது பாதியாகக் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. இத்தனைக்கும் எண்ணெய், வினிகர், சலைன், மருந்து எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்த காலத்தில் தட்டில் விழும் கோழியை நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

கடைசியாக, அடிக்கடி என்னிடம் கேட்கப்படுவது: சனிக்கிழமை ராத்திரி, காது நாறுகிறது, திங்கட்கிழமை வரை டாக்டர் இல்லை, அதுவரை என்ன செய்வது? குழாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், சலைனைக்கூட. மடலில் வழிந்திருப்பதை மட்டும் சலைன் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஈ உட்காராத இடத்தில், ஃபேனுக்கு அடியில் கட்டுங்கள். சொறிகிறான் என்றால் கழுத்தில் கூம்புக் காலர் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னங்கால் நகத்தையாவது வெட்டிவிடுங்கள். நமக்குப் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகும். துடைத்த பஞ்சைத் தூக்கிப் போடாமல் ஒரு பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை டாக்டருக்கு அதன் நிறத்தையும் வாசத்தையும் காட்டலாம்.